எலும்புக்கு ஏற்ற சீட்

ரோட் பைக் வாங்கிய முதல் மாதத்தில் உட்காரும் இடம் வலிப்பது இயல்பு. அந்த வலிக்குப் பெரும்பாலோர் தேடிப் போகும் மருந்துதான் தவறு. சீட் கல் மாதிரி இருக்கிறது என்று நினைத்து, இணையக் கடையில் இருபது முப்பது வெள்ளிக்கு ஒரு ஜெல் உறை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் சுகமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளானில் கிளம்பிப் பந்திங் போய்ச் சேர்வதற்குள் தொடையிடுக்கு எரியும், அடிப்பகுதி மரத்துப்போகும். மெத்தென்ற சீட்டில் எலும்பு அமிழ்ந்துவிடுகிறது. அது அமிழ்ந்த இடத்திலிருந்து விலகும் ஜெல் நடுவில் மேடாக எழும்பி, எடையைத் தாங்கவே கூடாத மெல்லிய சதையை அழுத்துகிறது. உறையைக் கழற்றிப் போட்டாலே சிலருக்குப் பாதி வலி போய்விடும்.

சீட்டின் வேலை எலும்பைத் தாங்குவது, சதையைத் தாங்குவதல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் குழப்பம் வராது.

எந்த எலும்பு?

தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். உள்ளங்கையைப் பிட்டத்துக்கு அடியில் வைத்து மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். கையில் குத்துகிற அந்த முண்டுதான் உட்காரும் எலும்பு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. இவை பின்னால் அகன்றும் முன்னால் நெருங்கியும் இருப்பவை. அதனால் நிமிர்ந்து உட்காரும்போது எடை அகலமான பின்பகுதியில் இறங்குகிறது. குனியக் குனிய இடுப்பு முன்பக்கம் உருண்டு, குறுகிய முன்பகுதிக்கு எடை நகர்கிறது. ஒரே ஆளுக்கே உட்காரும் விதத்தைப் பொறுத்து வேறு அகலத்தில் சீட் தேவைப்படுவது இதனால்தான்.

காப்பாரிலும் கேரித் தீவிலும் புக்கிட் ராஜாவிலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் ஒரு பழைய சைக்கிள் நிச்சயம் இருந்திருக்கும். அகன்ற தோல் சீட், அடியில் இரண்டு பெரிய ஸ்பிரிங். தாத்தா அதில் ஏறினால் முதுகு நேராக நிற்கும், கை லேசாக மடங்கியிருக்கும், உடம்பின் எடை முழுவதும் பின்னால் இருக்கும். அந்த உட்காரும் முறைக்கு அந்த அகலம் சரி. அதே சீட்டைக் கழற்றி இன்றைய ரோட் பைக்கில் பூட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் உள்தொடை இரண்டு பக்கமும் உரசும். தாத்தா சைக்கிளில் வலிக்கவே இல்லையே, இதில் ஏன் வலிக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: உட்காரும் முறையே வேறு.

உங்கள் சாலை எது?

சீட் பற்றிய நூல்கள் பெரும்பாலும் உடம்பை மட்டும் பேசும். நம் ஊரில் சாலையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கிள்ளானிலிருந்து பந்திங் வழியாக மோரிப் கடற்கரை வரை, அல்லது காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் வரை போகிறவருக்குச் சாலை பலகை மாதிரி சமம். ஏற்றம் இல்லையே, சுலபம் என்று தோன்றும். காலுக்குச் சுலபம்தான், சீட்டுக்கு அதைவிடக் கடினமான சாலை கிடையாது. ஏற்றம் இல்லாததால் எழுந்து நின்று மிதிக்க வேண்டிய அவசியமே வராது. கடற்காற்று எதிரே வீசும்போது எல்லாரும் குனிந்துகொள்வார்கள். ஒரே இடத்தில் அசையாமல், குனிந்தபடி ஒரு மணி நேரம். மரப்பு வருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்தச் சாலையில் ஓட்டுகிறவர்கள் நடுவில் நீளமான திறப்போ ஆழமான பள்ளமோ உள்ள சீட்டை முதலில் பார்க்கலாம். அதோடு பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, தேவை இருக்கிறதோ இல்லையோ, பெடலில் எழுந்து நின்று இருபது மிதி மிதித்துவிட்டு உட்காரும் பழக்கம் வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

அம்பாங்கிலிருந்து உலு லங்காட் பக்கம் இறங்கி ஏறுகிறவருக்கும், பத்துமலையைத் தாண்டி கோம்பாக் பழைய பெந்தோங் சாலையில் கெந்திங் செம்பா ஏறுகிறவருக்கும் கதை வேறு. மேட்டில் சைக்கிளே அண்ணாந்து நிற்கும். அதோடு சீட்டின் மூக்கும் மேலே தூக்கும். உட்கார்ந்தபடி ஏறும்போது பின்னால் வழுக்கிப் போவோம். இவர்களுக்குப் பின்பக்கம் சற்றே உயர்ந்து தடுப்புக் கொடுக்கிற, மூக்கு குட்டையான சீட் நன்றாகப் பொருந்தும். ஆனால் இவர்கள் அடிக்கடி எழுந்து நிற்பதால் இரத்த ஓட்டம் தானாகத் திரும்பிவிடும். அம்பாங் நண்பர் புகழ்கிற சீட் கிள்ளான்காரருக்கு ஒத்துவராமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சாலை வித்தியாசம்தான். யாராவது ஒரு சீட்டைப் பரிந்துரைத்தால், "எந்த ரூட்ல ஓட்டுறீங்க அண்ணே?" என்று முதலில் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் திருத்துங்கள்

இருக்கிற சீட்டைச் சரியாகப் பூட்டாமல் புதுச் சீட் வாங்குவது காசை வீணடிப்பது. பார்க்க வேண்டியவை உயரம், சாய்வு, முன்பின் நகர்வு.

முதலில் உயரம். சீட் மிகவும் உயரமாக இருந்தால் கால் கீழே எட்டுவதற்காக இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் இடம் வலமாக ஆடும். அந்த ஆட்டம்தான் தோலை உரித்து எடுக்கிறது. வீட்டில் செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் அழுத்தி மேலே கொண்டுவாருங்கள். அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து 0.883 ஆல் பெருக்குங்கள். கால் நீளம் 78 சென்டிமீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 69. பெடல் தண்டுகள் இரண்டும் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவு இருக்கலாம். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. சைக்கிளைச் சுவரில் சாய்த்து ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே போகும்போது முழங்கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பின்னால் வருகிற நண்பரிடம், "என் இடுப்பு ஆடுதா பாரு" என்று கேட்பது இன்னும் நம்பகமான சோதனை.

சாய்வு நுணுக்கமானது. ஓர் உதாரணம் சொல்கிறேன். உலு லங்காட் பத்து 14இல் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஒரு நாள் காலை கிள்ளான்காரர் ஒருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், லோரி ஓட்டுநர். நாற்காலியில் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, மூணாவது சீட்டு இது. இருநூத்தம்பது வெள்ளி. இன்னமும் அப்படியே கடுக்குது."

"சைக்கிளக் கொஞ்சம் அந்தச் செவுத்துல சாத்துங்கண்ணே, பாக்கலாம்."

சீட்டின் நீளவாக்கில் ஒரு மெல்லிய நோட்டுப் புத்தகத்தை வைத்து, அதன் மேல் கைத்தொலைபேசியில் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து வைத்தோம். மூக்கு நான்கு பாகை மேலே தூக்கியிருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. மூன்று சீட்டையும் அவர் அதே கோணத்தில்தான் பூட்டியிருக்கிறார். அலன் கீயால் திருகைத் தளர்த்தி மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். போகும் வழியில் அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். கடை நாற்காலியில் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், அம்பாங் மேடு முடியும் வரை சீட்டில் அப்படிச் சாயவில்லை. அவருடைய முதல் சீட்டே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

மட்டத்தில் தொடங்குங்கள். நடுப்பகுதியில் அழுத்தம் தெரிந்தால் மூக்கை ஒரு பாகை மட்டும் இறக்குங்கள், அடுத்த முறை இன்னும் ஒன்று. மூன்று பாகைக்கு மேல் இறக்க வேண்டியிருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஹேண்டில் பார் மிகத் தூரத்திலோ மிகத் தாழ்வாகவோ இருக்கலாம். மூக்கை அதிகம் இறக்கினால் முன்னால் வழுக்கி, எடை முழுதும் உள்ளங்கைக்கும் தோளுக்கும் போய்விடும். வால் பக்கம் வளைந்து உயர்ந்த சீட்டுகளில் முன்பக்க மூன்றில் இரண்டு பகுதியின் மேல் மட்டும் மட்டம் பாருங்கள், வாலைச் சேர்க்க வேண்டாம்.

முன்பின் நகர்வுக்குப் பழைய முறை: பெடல் முன்னால் கிடைமட்டமாக நிற்கும்போது முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தொங்கவிடும் நூல், பெடல் அச்சின் மேல் விழ வேண்டும். சில மில்லிமீட்டர் முன்பின் ஆகலாம். சீட்டின் மூக்கிலேயே உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள் என்றால் சீட் பின்னால் தள்ளியிருக்கிறது, அல்லது ஹேண்டில் பார் எட்டவில்லை. மூக்கு உட்காரும் இடமல்ல.

இந்த மாற்றங்களைச் செய்து பார்க்கக் கோலாலம்பூரில் இரண்டு நல்ல இடங்கள் உண்டு. ஒன்று, 2014 முதல் மாநகர மன்றம் ஞாயிறு காலையில் நடத்திவரும் கார் இல்லாக் காலை. அந்த நேரத்தில் நகர மையச் சாலைகள் கார் இல்லாமல் கிடைக்கின்றன. ஒரு சுற்றுப் போய், ஓரமாக நின்று திருகை ஒரு பாகை திருப்பி, மறுபடி ஒரு சுற்றுப் போகலாம். மற்றது, டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாக மிட் வேலி வரை 2015இல் திறந்த சைக்கிள் தடம். ஐந்தரை கிலோமீட்டர்தான். சீட் ஒத்துவருமா என்று தீர்ப்புச் சொல்ல இந்தத் தூரம் போதாது, சாய்வைத் திருத்தத் தாராளமாகப் போதும். அலன் கீயைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பழைய இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள்.

டயரையும் கவனியுங்கள். எழுபது கிலோ எடை உள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரில் நூறு பி.எஸ்.ஐ. காற்று அடித்துக்கொண்டு சீட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. எழுபது முதல் எண்பது போதும். நம் சாலைகளில் லோரி அழுத்திய மேடுபள்ளத்தின் அதிர்வில் பெரும்பங்கு டயரிலேயே அடங்கிவிடும்.

அகலம் அளப்பது

திருத்தியும் வலிக்கிறதா? இப்போது அளவெடுக்கலாம். பெட்டி அட்டை, அதாவது நடுவில் நெளிவு உள்ள பழுப்பு அட்டை, ஏ4 தாள் அளவில் ஒரு துண்டு போதும். மாடிப்படியிலோ கெட்டியான மர ஸ்டூலிலோ அட்டையை வைத்து, மெல்லிய அரைக்கால் சட்டையோடு உட்காருங்கள். கால் விரல் நுனியில் ஊன்றி முழங்காலை உயர்த்துங்கள். சைக்கிளில் குனிகிற அளவுக்கு முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் படியைப் பிடித்து உங்களை அட்டைக்குள் இழுத்து அழுத்துங்கள். அரை நிமிடம். பிறகு அட்டையை நகர்த்தாமல் எழுந்திருங்கள்.

அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். வெளிச்சத்தில் சரியாகத் தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கைவாட்டில் வைத்து லேசாகத் தேய்த்தால் குழியின் விளிம்பு எழும்பி வரும். ஒவ்வொரு குழியின் மையத்திலும் ஒரு புள்ளி வைத்து இடைவெளியை அளங்கள். பெரும்பாலோருக்கு 100க்கும் 150 மில்லிமீட்டருக்கும் இடையில் வரும். அதோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் சேர்த்தால் சீட்டின் அகலம். நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவர் 20, நிமிர்ந்து ஓட்டுகிறவர் 30. இடைவெளி 115 என்றால் 135 முதல் 145 வரை அகலமுள்ள சீட்டுகளைத் தேடலாம். உடல் பருமனுக்கும் இந்த எலும்பு இடைவெளிக்கும் தொடர்பில்லை. ஒல்லியான ஆளுக்கு அகலமான எலும்பும், பருமனான ஆளுக்குக் குறுகிய எலும்பும் இருப்பதைக் கடைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். பெண்களுக்குச் சராசரியாக இடைவெளி அதிகம். ஆனால் சராசரியை நம்பி வாங்காமல் அளந்து வாங்குங்கள்.

ஒரே மாதிரிச் சீட் இரண்டு மூன்று அகலங்களில் வருகிறது. 143, 155 என்று பெட்டியிலோ சீட்டின் அடியிலோ அச்சிட்டிருக்கும். அகலம் குறிப்பிடாமல் சீட் விற்கிற கடையில் வாங்க வேண்டாம்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. மேற்பரப்பு தட்டையானதா, பக்கவாட்டில் வளைந்ததா என்பது உடல்வாகுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அமைவது. ஓட்டும்போது இடம் மாற்றி மாற்றி உட்காருகிறவருக்குத் தட்டையானது வசதி, ஒரே இடத்தில் உட்காருகிறவருக்கு வளைந்தது வசதி. மூக்கு குட்டையான சீட்டுகள் சில ஆண்டுகளாகப் பரவலாகிவிட்டன. அவை வழக்கமான சீட்டைவிட மூன்று சென்டிமீட்டர் வரை நீளம் குறைந்தவை. பழைய சீட்டின் மூக்கு இருந்த இடத்தில் இதன் மூக்கை வைத்துப் பூட்டினால் மொத்தமும் முன்னால் வந்துவிடும். மேலிருந்து பார்த்து, சீட் எந்த இடத்தில் 75 மில்லிமீட்டர் அகலமாகிறதோ அந்தப் புள்ளியைப் பழையதிலும் புதியதிலும் குறித்து, இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மரத்துப்போவதை மறைக்க வேண்டாம்

மூன்று வகை வலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முதல் சில வாரங்களில் எலும்பு அழுந்தும் இடத்தில் வரும் கடுப்பு பழகப் பழகக் குறையும். பிட்டத்துச் சதைப் பிடிப்பு இரண்டாவது வகை. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற மசாஜ்காரர்களிடம் ஒரு மணி நேரம் படுத்தால் அது தளர்ந்துவிடும். மூன்றாவது மரப்பு. பிறப்புறுப்பிலும் அதைச் சுற்றியும் உணர்வு போய், இறங்கி நின்ற பிறகு ஊசி குத்துவது போலத் திரும்புவது. இது பழகிப்போக வேண்டிய வலி அல்ல. தொடையிடுக்கின் நடுவே ஓடும் நரம்பும் இரத்தக்குழாயும் நசுங்குவதன் அடையாளம்.

நம் ஆண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. குழுவில் எல்லாருக்கும் இருக்கும், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் சைக்கிளில் ரோந்து போகும் 90 காவலர்களுக்கு மூக்கே இல்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் கவனித்து, 2008இல் முடிவை வெளியிட்டது. தொடக்கத்தில் மரப்பே இல்லை என்று சொன்னவர்கள் 27 விழுக்காடு, ஆறு மாதம் கழித்து 82 விழுக்காடு. சீட்டை மாற்றியதில் வந்த மாற்றம் இது. மூக்கில்லாத சீட்டைத்தான் எல்லாரும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வளைவில் சைக்கிளைத் தொடையால் கட்டுப்படுத்த மூக்கு உதவுகிறது. மரப்புக்குக் காரணம் உங்கள் உடம்பு அல்ல, சீட்டும் அதன் இருப்பும்தான் என்பதைப் புரிந்துகொள்ளவே இதைச் சொல்கிறேன். சாய்வைத் திருத்தி, நடுவில் திறப்புள்ள சீட்டுக்கு மாறியும் மரப்பு நிற்கவில்லை என்றால், அல்லது இறங்கிச் சில மணி நேரம் கழித்தும் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை என்றால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். குழுவில் பெரும்பாலோர் ஆண்கள், கடையிலும் ஆண்கள். "அக்கா, பழகிடும்" என்ற பதில்தான் கிடைக்கும். முன்பக்க மென்சதையில் வீக்கமோ வெட்டோ வருவது பழகுகிற விஷயமல்ல. திறப்புள்ள சீட் பலருக்கு ஆறுதல் தரும், ஆனால் சிலருக்கு அந்தத் திறப்பின் விளிம்பே அறுக்கும். அவர்களுக்குத் திறப்புக்குப் பதில் அந்த இடத்தில் மிக மெல்லிய ஃபோம் நிரப்பிய சீட் ஒத்துவரும். மாதவிடாய் நாளில் ஷார்ட்ஸின் பேடுக்கு மேல் இன்னொரு பேட் வைத்தால் உராய்வு கூடும், மாதவிடாய்க் கப் வசதியானது. இதையெல்லாம் மற்ற பெண்களிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். சீட் விஷயத்தில் அதைவிட நல்ல ஆலோசனை எந்தக் கடையிலும் கிடைக்காது.

வியர்வையும் தோலும்

ஐரோப்பியர் எழுதிய சீட் குறிப்புகளில் இந்தப் பகுதி நாலு வரியில் முடிந்துவிடும். நமக்கு அது போதாது. விடிவதற்குள் கிளம்பினாலும் காற்றில் ஈரம் அப்படியே நிற்கும். அரை மணி நேரத்தில் ஷார்ட்ஸ் நனைந்துவிடும். நனைந்த தோல் ஊறி மென்மையாகி, உராய்ந்தவுடன் உரிகிறது. உரிந்த இடத்தில் கிருமி புகுந்து மயிர்க்காலில் கொப்புளமும் சீழ்க்கட்டியும் வருகின்றன. தொடையிடுக்கில் படர்தாமரை வருவதற்கும் இந்த ஈரம் இடங்கொடுக்கிறது. எவ்வளவு விலை கொடுத்த சீட்டானாலும் இதைத் தடுக்காது.

பேட் வைத்த பிப் ஷார்ட்ஸ் கட்டாயம். அதற்குள் ஜட்டி போடக் கூடாது. தையல் அறுப்பதோடு, வியர்வையைத் தோலோடு தேக்கியும் வைக்கும். நல்ல சீட்டுக்கு ஒதுக்கிய காசில் பாதியைக்கூட நல்ல ஷார்ட்ஸுக்குக் கொடுக்கலாம். தோலைத் தொடுவது அதுதான். ஓட்டி முடித்ததும் ஈர ஷார்ட்ஸோடு உட்கார்ந்து தே தாரேக் குடிப்பது நம் எல்லாருக்கும் பிடித்த பழக்கம், தோலுக்கு அதுதான் கேடு. காரில் ஒரு கைலி வைத்திருங்கள், மாற்றிக்கொண்டு போய் உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். ஒருமுறை போட்ட ஷார்ட்ஸைத் துவைக்காமல் இரண்டாம் முறை போட வேண்டாம். மூன்று மாதத் தோல் தொல்லைக்கு அப்படிப் போட்ட ஒரு நாள் போதும். உராய்வைக் குறைக்கும் கிரீம் நீண்ட தூரத்துக்கு உதவும். மென்தால் சேர்ந்ததை முதல்முறை பூசுகிறவர்கள் எரிச்சலில் பயந்துவிடுவார்கள், சேராததில் தொடங்குங்கள்.

தோல் சீட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ப்ரூக்ஸ் பி-17 பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து விற்பனையில் இருக்கிறது. சில நூறு கிலோமீட்டரில் உட்காருகிறவரின் எலும்புக்கேற்பக் குழிந்துகொடுக்கும். நிமிர்ந்து தொலைதூரம் போகிறவர்களுக்கு அருமையானது. ஆனால் எந்த மாலையும் மழை கொட்டும் நம் ஊரில் நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் அது தொய்ந்துவிடும், ஈரத்தோடு அறையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மழையுறை எப்போதும் கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். மருத்துவர் சொன்னதால் நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் ஏறியவர்கள் நம்மில் நிறையப் பேர், அது நல்ல காரியம். ஆனால் உங்களுக்கு உணர்வு மந்தமாக இருக்கலாம், புண் மெதுவாக ஆறும். வலிக்கவில்லை என்பதை வைத்துப் புண் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் குளித்தபின் சிறிய கண்ணாடியை வைத்துப் பாருங்கள். சிவப்போ கட்டியோ இருந்தால் அது ஆறும் வரை ஓட்டாதீர்கள். பிதுக்காதீர்கள். இரண்டு நாளில் அடங்காவிட்டால் கிளினிக் போய்விடுங்கள்.

கடையில்

நூறு வெள்ளிக்குக் கிடைப்பதிலிருந்து ஆயிரத்தைத் தாண்டுவது வரை சீட்டுகள் உண்டு. விலை ஏற ஏறக் குறைவது எடை. வசதி அதே அளவில் கூடுவதில்லை. இரும்பு ரெயில் உள்ள நடுத்தர விலைச் சீட்டுக்கும் கார்பன் ரெயில் உள்ள அதே மாதிரிச் சீட்டுக்கும் உட்காரும் வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான். வாரம் ஒருமுறை ஓட்டுகிற நமக்கு முதலாவது போதும். கார்பன் ரெயில் வாங்குவதானால் உங்கள் சீட் போஸ்டின் கிளாம்ப் அதற்குப் பொருந்துமா என்று பாருங்கள். உலோக ரெயில் 7 மில்லிமீட்டர் உருண்டை, கார்பன் ரெயில் நீள்வட்டம். பொருந்தாத கிளாம்பில் இறுக்கினால் ரெயில் உடையும். ஸ்பெஷலைஸ்டு, ஃபிசிக் போன்றவை முப்பரிமாண அச்சில் வார்த்த, தேன்கூடு போன்ற மேற்பரப்புள்ள சீட்டுகளை விற்கின்றன. காற்றுப் புகும், நம் வெயிலுக்கு நல்லது. ஆனால் அகலம் தவறினால் அதிலும் வலிக்கும்.

பெரிய பிராண்டின் பெயரில் பாதி விலைக்கும் கீழே இணையத்தில் வருபவை பெரும்பாலும் போலி. கார்பன் ரெயில் போலி என்றால் ஓடும்போதே உடையலாம். அந்த ஆபத்துக்குச் சேமிக்கும் காசு ஈடாகாது. பழைய சீட் வாங்குவது நல்ல யோசனை. ஒத்துவராமல் விற்கிறவர்கள் நிறைய இருப்பதால் அதிகம் ஓடாத சீட்டுகள் சந்தைக்கு வருகின்றன. வாங்கும்போது ரெயில்களைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பாருங்கள், கட்டைவிரலால் இரண்டு பக்கமும் அழுத்தி ஒரே மாதிரி அமுங்குகிறதா பாருங்கள். ஒரு பக்கம் தொய்ந்த சீட் உங்கள் முதுகையும் ஒரு பக்கமாக இழுக்கும்.

கடைத் தவுக்கேயிடம் வாங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்: ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவீர்களா, சோதனைச் சீட் இருக்கிறதா? சில கடைகள் வைத்திருக்கின்றன. கடைக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. புதுச் சீட்டின் தடிமன் வேறாக இருக்கும், பூட்டியதும் உயரத்தை மறுபடி அளங்கள். முதலில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு, பிறகு வழக்கமான உங்கள் சாலை. இரண்டு மணி நேரத்துக்குப் பின் சீட் நினைவுக்கே வரவில்லை என்றால் அது உங்கள் சீட். மூன்று நான்கு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் அதே இடம் புண்ணானால் அது எவ்வளவு புகழ்பெற்றதானாலும் விட்டுவிடுங்கள். சரியான இடம் அமைந்ததும் உயரம், சாய்வு, முன்பின் அளவு மூன்றையும் கைத்தொலைபேசியில் எழுதி வையுங்கள். சைக்கிளைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கும்போது தேவைப்படும்.

குழுவாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவர் வீட்டு ஸ்டோரிலும் ஒத்துவராத ஒன்றிரண்டு சீட்டாவது தூசி படிந்து கிடக்கும். அவற்றை ஒரு பெட்டியில் போட்டு, அகலத்தை மேலே எழுதி, புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுங்கள். புதியவர் கடையில் காசைத் தொலைக்க வேண்டியிருக்காது, வலிக்குப் பயந்து சைக்கிளை விற்கவும் வேண்டியிருக்காது.